சமையற்கட்டு வாசலில் ஒரு நாற்காலி: பாலியல் கல்வியில் அரசியல் தலையீடு என்றால் என்ன?

பள்ளியில் பாலியல் கல்வி பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். "பாடத்துல அரசியல்வாதிக்கு என்ன வேலை?" என்று ஒரு பக்கம். "எங்க பிள்ளைக்கு என்ன சொல்லணும்னு முடிவு பண்ண டீச்சர் யாரு?" என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. பாதிதான்.

பாடத்திட்டத்தை முடிவு செய்வதே அரசுதான், அரசை நடத்துவது அரசியல்வாதிகள்தான். ஆகவே அவர்கள் பாடத்தைத் தொட்டாலே தலையீடு என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியரின் சுதந்திரம் என்றால் வகுப்பில் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்றும் பொருள் இல்லை. அப்படியானால் தலையீடு என்று எதைச் சொல்வது? அது எப்படி வேலை செய்கிறது? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஒரு சண்டையை வைத்துப் பார்க்கலாம். அந்தச் சண்டையில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

முதலில் ஒரு கல்யாணச் சமையல்

கல்யாண வீட்டில் பந்திக்கு என்னென்ன வரவேண்டும் என்று சொல்வது வீட்டுக்காரரின் உரிமை. அவியல் வேண்டும், பூண்டு கூடாது, பாயசம் இரண்டு வகை. எல்லாம் சொல்லலாம், பணம் அவருடையது. ஆனால் அடுப்பை எப்போது தணிப்பது, இன்றைக்கு வந்த புளி எவ்வளவு புளிக்கிறது, அதற்கு எவ்வளவு உப்பு என்பதெல்லாம் சமையல்காரரின் கைக்கணக்கு. வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் "எனக்குச் சர்க்கரை, பாயசம் வேண்டாம்" என்றால் அவர் இலையில் பாயசம் விழாமல் பார்த்துக்கொள்வது பரிமாறுபவரின் வேலை. இதற்கெல்லாம் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இந்தப் படத்தில் வீட்டுக்காரர் அரசு, சமையல்காரர் ஆசிரியர். இலையில் உட்கார்ந்திருப்பது பிள்ளைகள். சண்டை என்னவோ வீட்டுக்காரருக்கும் சமையல்காரருக்கும் நடுவில்தான் நடக்கும், பசியோடு இருப்பது மூன்றாவது ஆள் என்பதை இரண்டு பேரும் அவ்வப்போது மறந்துவிடுவார்கள்.

இப்போது, பெரியப்பா ஒருவர் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி வந்து பட்டியலை மாற்றுகிறார். அத்தோடு விடாமல் சமையற்கட்டு வாசலில் நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வைத்து, "இவர் என்ன போடுறார்னு பார்த்து எனக்குச் சொல்லு" என்கிறார். பட்டியலை மாற்றியது ஒரு விஷயம். அந்த நாற்காலி வேறு விஷயம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த நாற்காலியைப் பற்றியது.

சில சொற்கள்

பாலியல் கல்வி என்றதும் உடலுறவைக் கற்றுக்கொடுப்பது என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். உடல் உறுப்புகளின் சரியான பெயர்கள், பருவமடைதல், மாதவிடாய், கருத்தரிப்பு, நோய்த் தடுப்பு, யார் தொடலாம் யார் தொடக்கூடாது, "வேண்டாம்" என்று சொல்வது, இணையத்தில் படம் அனுப்பக் கேட்டால் என்ன செய்வது ஆகியவற்றை வயதுக்கேற்பச் சொல்வதுதான் அது. இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வியால் பாலுறவு கூடுவதில்லை என்றே சொல்கிறது.

பாடத்திட்டம் என்பது எந்த வகுப்பில் எது சொல்லித்தரப்பட வேண்டும் என்ற அரசின் பட்டியல். தொழில்சார் சுதந்திரம் என்பது அந்தப் பட்டியலுக்குள் நின்று, எதை எந்த வார்த்தையில், எந்த உதாரணத்தோடு, எந்தக் கேள்விக்கு எவ்வளவு பதில் என்று ஆசிரியர் தன் பயிற்சியை வைத்து முடிவெடுக்கும் இடம். சுயதணிக்கை என்பது யாரும் தடுக்காதபோதே பயத்தில் தானாக வாயை மூடிக்கொள்வது.

கடைசிச் சொல் நம்மில் பலருக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான். உயிரியலில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "இதை வீட்டுல படிச்சுக்குங்க" என்று பக்கம் தாண்டப்பட்ட வகுப்பில் உட்காராதவர்கள் எத்தனை பேர்? பாடம் புத்தகத்தில் இருந்தது. தேர்விலும் கேள்வி வந்தது. வகுப்பில் மட்டும் வரவில்லை.

ஒன்டாரியோவில் நடந்தது

கனடாவில் பள்ளிக் கல்வி மாகாண அரசுகளின் கையில் இருக்கிறது. ஒன்டாரியோவில் (அங்குள்ள தமிழர்கள் ஒன்ராறியோ என்று எழுதுவார்கள்) 1998-இல் எழுதிய உடல்நலக் கல்விப் பாடத்திட்டம் இருந்தது. 2010-இல் லிபரல் கட்சி அரசு அதைப் புதுப்பித்தது. மதக் குழுக்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. முதலமைச்சர் டால்டன் மெகின்டி, முதலில் ஆதரித்துப் பேசிவிட்டுச் சில நாட்களிலேயே பாலியல் கல்விப் பகுதியைத் திரும்பப் பெற்றார். பழையதே தொடர்ந்தது.

அடுத்து வந்த கேத்லீன் வின் அரசு 2015-இல் மறுபடி கொண்டுவந்தது. முதல் வகுப்பில் உறுப்புகளின் சரியான பெயர்கள். மூன்றாம் வகுப்பில் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, இரண்டு அம்மாக்கள் உள்ள வீடும் உண்டு என்பது. பருவமடைதல் நான்காம் வகுப்பில். மேல் வகுப்புகளில் சம்மதம், இணையப் பாதுகாப்பு. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியின் பெற்றோர் மன்றத்திலிருந்தும் ஒருவராகச் சுமார் 4,000 பேரிடம் கருத்துக் கேட்டதாக அரசு சொன்னது. எங்களை எங்கே கேட்டார்கள் என்று பல பெற்றோர் பொங்கினார்கள். 2015 மே மாதம் டொரன்டோவின் தார்ன்கிளிஃப் பார்க் பகுதியில், புலம்பெயர்ந்தோர் அதிகம் வாழும் இடத்தில், ஒரு பள்ளியின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஒரே நாளில் வரவில்லை.

அந்தப் பள்ளி அப்புறம் செய்த காரியம் யோசிக்க வைக்கும். முதல் வகுப்பில் உறுப்புப் பெயர்களைத் தவிர்த்து, அந்தரங்க உறுப்புகள் என்று பொதுவாகச் சொல்லும் மாற்று வகுப்பு ஒன்றை, கேட்ட பெற்றோருக்காக ஏற்பாடு செய்தது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பெயர் தெரியாத உறுப்பைப் பற்றி ஒரு குழந்தை எப்படிப் புகார் சொல்லும்? ஆனாலும் அதைத் தலையீடு என்று நான் சொல்லமாட்டேன். பள்ளியும் பெற்றோரும் முகத்துக்கு முகம் பேசி, பாதியில் சந்தித்துக்கொண்டார்கள். இது வீட்டுக்காரரும் சமையல்காரரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிய கதை.

அரசியல் வேறு வழியில் வந்தது. 2016-இல் தமிழர்கள் கணிசமாக வாழும் ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் இடைத்தேர்தல். மூன்று பெரிய கட்சிகளில் இரண்டின் வேட்பாளர்கள் தமிழர்கள்: லிபரல் சார்பில் பிராகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் நீதன் சண். எதிர்க்கட்சியாக இருந்த முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் தலைவர் பேட்ரிக் பிரவுன் பெயரில், நாங்கள் வந்தால் இந்த மாற்றங்களைத் தூக்கிவிடுவோம் என்ற கடிதம் தொகுதியில் சுற்றியது. வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்னால், அந்தக் கடிதம் தவறு என்று அவரே எழுதினார். செப்டம்பர் 1 அன்று அவர் கட்சியின் ரேமண்ட் சோ ஜெயித்தார். ஏழு வயதுப் பிள்ளைக்கு எது தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு, ஒரு தொகுதியின் வாக்குக் கணக்கைப் பார்த்து ஒரு பதிலும், மாகாணத்தின் கணக்கைப் பார்த்து இன்னொரு பதிலும் வந்தது. புலம்பெயர்ந்த பெற்றோரின் உண்மையான கவலைகளை அவர்கள் வீட்டு வாசலில் வாக்காக மாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

2018 ஜூனில் அதே கட்சி டக் ஃபோர்டின் தலைமையில் ஆட்சிக்கு வந்தது. ஜூலையில், 2015 பாடத்திட்டம் ரத்து, செப்டம்பரில் பழையதையே நடத்துங்கள் என்று கல்வி அமைச்சர் அறிவித்தார். பழையது என்றால் 1998-இல் எழுதியது. ஒன்டாரியோவில் ஒருபாலினத் திருமணம் சட்டபூர்வமாவதற்கு ஐந்து வருஷம் முன்னால், ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும் வருவதற்கு வெகு முன்னால்.

இதுவரை பட்டியலை மாற்றிய கதைதான். தேர்தலில் ஜெயித்த அரசுக்கு அந்த உரிமை உண்டு, பிடிக்கிறதோ இல்லையோ. முன்பு கொண்டுவந்ததும் ஓர் அரசுதானே.

அப்புறம் நாற்காலி வந்தது

பல ஆசிரியர்கள், சம்மதம் பற்றியும் இணையப் பாதுகாப்பு பற்றியும் நாங்கள் சொல்லித்தரத்தான் செய்வோம் என்றார்கள். 2018 ஆகஸ்டில் அரசு ஓர் இணையதளம் திறந்தது. ஆசிரியர் புதிய உத்தரவை மீறினால் பெற்றோர் அதன் வழியாகப் புகார் செய்யலாம். பிள்ளைகளை வைத்து அரசியல் செய்வதைப் பொறுக்கமாட்டோம், வேலையைச் செய்யாதவர் மேல் நடவடிக்கை வரும் என்று முதலமைச்சர் எச்சரித்தார். ஆசிரியர்கள் அந்தத் தளத்துக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் "கோள்மூட்டும் லைன்".

புகார் போய்ச் சேரும் இடம் முக்கியம். ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ். பெயரைப் பார்த்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று நினைத்துவிட வேண்டாம். வக்கீல்களுக்கு பார் கவுன்சில் மாதிரி, ஆசிரியர்களுக்கு உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அந்த அமைப்புதான். புகார் வழி முன்பும் இருந்தது, புதிதில்லை. ஒரு குறிப்பிட்ட பாடத்துக்காக, முதலமைச்சரின் எச்சரிக்கையோடு சேர்த்து, அந்த வழிக்கு விளக்குப் போட்டுக் காட்டியதுதான் புதிது.

வகுப்பில் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். பத்து வயசுப் பெண் கை தூக்கி, "மிஸ், என் ஃபிரெண்டுக்கு ரெண்டு அப்பா, அது எப்படி?" என்கிறாள். நேற்று வரை இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார் ஆசிரியர். இன்று அவருக்குள் வேறு கணக்கு ஓடும். இது பட்டியலில் இருக்கிறதா? யார் வீட்டில் போய் என்ன சொல்வாள்? பெரும்பாலானோர் "அதை அம்மாகிட்ட கேளு" என்று முடித்துக்கொள்வார்கள். யாரும் தடுக்கவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பாடத்திட்டத்தை மாற்றுவது அரசின் அதிகாரத்துக்குள் வரும். அது நல்ல மாற்றமா கெட்ட மாற்றமா என்று சண்டை போடலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். வகுப்புக்குள் ஆசிரியர் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளின் மேல் பயத்தை ஏற்றுவதுதான் தலையீட்டின் கூர்மையான வடிவம். அது சுயதணிக்கை வழியாக வேலை செய்கிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் சங்கம் வழக்குப் போட்டது. கனடியக் குடியுரிமைகள் சங்கமும் போட்டது. அரசின் முடிவு உரிமைகள் சாசனத்தை மீறுகிறது, ஆசிரியரின் கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பது வாதம். 2019 பிப்ரவரி 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆசிரியர்கள் தோற்றார்கள். பாடத்திட்டத்தை முடிவு செய்வது அரசின் வேலை, சிறந்த பாடத்திட்டம் எது என்று தேர்ந்தெடுப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று மனு தள்ளுபடியானது.

ஆனால் தீர்ப்பின் உள்ளே இன்னொரு செய்தி இருந்தது. பழைய பாடத்திட்டத்தில் இல்லாத 2015-இன் தலைப்புகளைப் பற்றி ஆசிரியர் வகுப்பில் பேச அந்தப் பாடத்திட்டத்தில் எந்தத் தடையும் இல்லை என்றது நீதிமன்றம். அரசின் வக்கீல்களும் அங்கே அப்படித்தான் வாதிட்டார்கள். வெளியே மேடையில் நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரிக்கை, உள்ளே நீதிபதி முன்னால் தாராளமாகப் பேசலாம் என்று வாக்குமூலம். இந்த முரணைக் கவனித்தால் தலையீடு எதில் ஓடுகிறது என்று புரிந்துவிடும். சட்டத்தில் தடை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தடை இருப்பதாக ஆசிரியர் நினைத்தால் போதும்.

2019 ஆகஸ்டில் புதிய பாடத்திட்டம் வந்தது. ஒரு வருஷச் சண்டைக்குப் பிறகு அது பெரும்பாலும் 2015 பாடத்திட்டத்தைப் போலவே இருந்தது. பாலின அடையாளம் பற்றிய பாடம் மேல் வகுப்புக்குத் தள்ளப்பட்டது. பாடம் தொடங்குவதற்குக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் முன்னால் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் சேர்ந்தது. இந்தக் கடைசி ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே தெளிவாகச் செய்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

ஒரே ஒரு வழுக்குச் சொல்: பிரிட்டனின் பிரிவு 28

பயம் சட்டத்தைவிடப் பெரிது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. மார்கரெட் தாட்சர் ஆட்சியில் 1988-இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலின ஈர்ப்பை "ஊக்குவிக்க" கூடாது என்றது. ஊக்குவிப்பது என்றால் என்ன? யாருக்கும் தெரியாது. பாடம் நடத்துவதா, நூலகத்தில் புத்தகம் வைப்பதா, ஒரு மாணவனை மற்றவர்கள் கேலி செய்யும்போது "அப்படிப் பேசாதே" என்று அதட்டுவதா?

இதில் வேடிக்கை, அந்தப் பிரிவு ஆசிரியர்களை நேரடியாகக் கட்டுப்படுத்தவே இல்லை. அது உள்ளாட்சி அமைப்புகளுக்கானது. பாலியல் கல்வியோ 1986-இலேயே பள்ளி நிர்வாகக் குழுக்களின் பொறுப்புக்குப் போயிருந்தது. வகுப்பில் நடுநிலையாக இதைப் பேசுவதற்குத் தடையில்லை என்று அரசே சுற்றறிக்கையும் அனுப்பியது. ஸ்காட்லாந்தில் 2000-இலும், இங்கிலாந்து, வேல்ஸில் 2003-இலும் நீக்கப்படும் வரை அந்தப் பிரிவின் கீழ் ஒரு வழக்குக்கூட வெற்றிகரமாக நடந்ததில்லை. ஆனாலும் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் வாயைத் திறக்கவில்லை. அடி வாங்கும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லக்கூடத் தயங்கினார்கள்.

சமையற்கட்டுக்குத் திரும்பினால், இது "காரமா எதுவும் போட்டுடாதீங்க" என்ற உத்தரவு மாதிரி. எது காரம் என்று சொல்லவில்லை. சமையல்காரர் ரசத்தில் மிளகையும் நிறுத்திவிடுவார்.

அப்படியானால் பெற்றோருக்கு உரிமையே இல்லையா?

உண்டு. டென்மார்க் 1970-இல் அரசுப் பள்ளிகளில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கியது. சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1976 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராக இருந்தாலும், ஒரு கோட்டைப் போட்டுக்கொடுத்தது. தகவல் புறவயமாகவும், ஆராய இடம் தருவதாகவும், பல பார்வைகளுக்கு இடம் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளை ஒரே நம்பிக்கைக்குள் தள்ளும் மூளைச்சலவையாக இருக்கக் கூடாது. பெற்றோரின் நம்பிக்கைக்கு மதிப்பு உண்டு, ஆனால் தகவலே பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று தடுக்கும் அளவுக்கு அது நீளாது.

இந்தக் கோடு ஆசிரியருக்கும்தான். தன் மதத்தையோ, தன் கட்சியையோ, தன் வாழ்க்கைத் தத்துவத்தையோ இந்த வகுப்பில் விற்பவர் தொழில்சார் சுதந்திரத்தைப் பயன்படுத்தவில்லை, அதை மீறுகிறார். அந்த நேரத்தில் பெற்றோர் புகார் செய்தால் அது முறையான மேற்பார்வை. மருத்துவர் தன் தீர்ப்பின்படி மருந்து எழுதலாம், தன் மாமா கடை மருந்தை எழுதக்கூடாது என்பது போலத்தான்.

இந்தியாவில் நாம் வேறு தினுசு

இங்கே நாற்காலிக்கெல்லாம் அவசியம் வரவில்லை, அடுப்பையே அணைத்தோம். எய்ட்ஸ் தடுப்பை மனதில் வைத்து மத்திய அரசு 2005-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. படங்கள் ஆபாசம் என்று எதிர்ப்புக் கிளம்பி, 2007-இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், குஜராத் எனப் பல மாநிலங்கள் நிறுத்தின. இதில் கட்சி வித்தியாசம் இல்லை. மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ் கூட்டணி, மத்தியப் பிரதேசத்தில் பாஜக. 2009-இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, நம் சமூகப் பண்பாட்டில் பாலியல் கல்விக்கு இடமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. பிற்பாடு பாடங்கள் திருத்தப்பட்டு, பெயரில் எச்சரிக்கையோடு, உடல்நலம் என்ற குடையின் கீழ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது.

அந்தத் தடைகள் வந்த அதே 2007-இல்தான் மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆய்வும் வெளியானது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வுக்குப் பிறகு 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. அதன் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் ஆசிரியர் உட்பட யாரும் போலீசில் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைக் களைந்து முறையான திட்டம் கொண்டுவருவதை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆக, எட்டு வயதுக் குழந்தை வந்து சொன்னால் அதைப் போலீசில் சொல்லாத ஆசிரியர் குற்றவாளி. என்ன நடந்தது என்று சொல்ல அந்தக் குழந்தைக்குத் தேவையான நான்கு வார்த்தைகளை முன்கூட்டியே வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டால், இன்றும் பல ஆசிரியர்கள் முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.